அன்று கௌசல்யா சொன்னது

"குழந்தைங்க கண்ணுல பீளை கட்டுறதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்க சிஸ்டர், புதுசா வந்திருக்கற நர்ஸுங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று போன மாதம் பிரமிளா போன் செய்தாள். மைசூரில் நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் கண் பிரிவில், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். "இப்பல்லாம் தமிழ்க்காரங்க வந்தா கவலையே இல்ல சிஸ்டர். டாக்டர் மேஜையில ஒரு போன் வெச்சிருக்கோம். அவங்க தமிழ்ல சொன்னா அது கன்னடத்துல சொல்லிடும். உங்களை மாதிரி நடுவுல நின்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்த வேண்டியதில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், பாவம். அந்தப் போன் கேட்டதையெல்லாம் சொல்லிவிடுமா, நடுவில் எதையும் விடாதா என்று கேட்டேன். "விடுறதுக்கு அதுக்கென்ன சிஸ்டர், மிஷின்தானே" என்றாள்.

சரி என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தில் முடியவில்லை. பீளையைப் பற்றித் தெரிந்ததை எழுதுகிறேன். கூடவே, ஒரு குழந்தையின் பார்வை போனதில் எனக்கு இருக்கும் பங்கையும் எழுதுகிறேன். பிரமிளா இதை அச்சில் போட்டாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி, அது அவள் பாடு.

நான் பிறந்து வளர்ந்தது ஹனூர், தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் எல்லைப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். நர்ஸிங் படித்த மூன்று வருஷத்தில் பெட்பேன் கழுவியதும், மேட்ரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும்தான் ஞாபகம் இருக்கிறது. படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்தபோது பிரசவ வார்டு கேட்டேன், கண் பிரிவில் தூக்கிப் போட்டார்கள். கண்ணா, அதில் என்ன இருக்கிறது, சொட்டு மருந்து விட்டால் ஆயிற்று என்று நினைத்தேன். என்ன திமிர் பாருங்கள்.

அந்தப் பிரிவுக்குத் தலைவராக இருந்த டாக்டரை நாங்கள் மேடம் என்றுதான் சொல்வோம். மைசூர்க்காரர், கன்னடம்தான் பேச்சு. தமிழில் 'வலிக்குதா' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு தெரியாது. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும், நாம் குனிந்து கேட்க வேண்டியிருக்கும், அது கத்துவதை விட மோசம். குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். கை சூடேற வேண்டுமாம். குடிக்கவே மாட்டார். ஆறிப்போன காபியை ஆயா தினமும் கொட்டிவிட்டுத் திட்டுவாள்.

கண்ணில் நீர் வடிகிறது, பீளை கட்டுகிறது என்று வரும் ஒவ்வொரு தாயிடமும் மேடம் மூன்று கேள்வி கேட்பார். பீளை வருகிறதா, வெறும் நீரா? ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா? வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்கிறதா? எந்த நாளும் இதே வரிசைதான். கேட்கும்போது பாஷை தெரியாவிட்டாலும் தாயின் முகத்தைத்தான் பார்ப்பார். நான் சேர்ந்த புதிதில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குப் பதிலாக நானே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டேன். "கேள்வி அவங்களுக்கு சிஸ்டர், உனக்கில்ல" என்றார், கிசுகிசுவென்று. காது மடலெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு.

பிறந்த குழந்தைகளுக்குக் கண்ணில் நீர் வடிவது ரொம்ப சகஜம். கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் கண்ணீர்க் குழாயின் அடியில் மெல்லிசாக ஒரு சவ்வு இருக்கும். பிறக்கும்போதே அது திறந்துவிட வேண்டும். சில குழந்தைகளுக்குத் திறக்காது. கண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, பீளையாகி, காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். பெற்றவள் பயந்து போவாள். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகவே திறந்துவிடும், நீவி மட்டும் விட வேண்டும். ஆனால் பிறந்த இரண்டு மூன்று நாளிலேயே இமை வீங்கிச் சீழாகக் கொட்டினால் அது வேறு சமாச்சாரம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும், ஒரு நாள்கூடத் தாங்காது.

நீவுவதற்கு முறை இருக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். துடைத்த பஞ்சால் திரும்பத் துடைக்கக் கூடாது. பிறகு சுண்டு விரலைக் கண்ணின் உள்மூலையில், மூக்கெலும்பை ஒட்டி வைத்து அழுத்தி, அழுத்தம் விடாமல் கீழே இறக்க வேண்டும். பத்து தடவை, ஒரு நாளைக்கு நாலு வேளை. பால் குடிக்கிற நேரம் தோது, குழந்தை முரண்டு பிடிக்காது. எவ்வளவு அழுத்துவது என்று எல்லாத் தாயும் கேட்பாள். மேடம் எங்களை அவரவர் மூக்கிலேயே வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுவார். விரல் நகம் வெளுக்க வேண்டும், அந்த அளவு போதும். கண் முழியின் மேல் விரல் படவே கூடாது.

கண்ணுக்குள் மை, விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதையும் விடக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்தது. ஹனூருக்கு அந்தப் பக்கம் பாலாறு என்ற ஊரிலிருந்து வந்த ஒருத்தி குழந்தையின் கண் முழுக்க எண்ணெயும் மையும் அப்பிக்கொண்டு வந்தாள். வரிசையில் எல்லோர் முன்னாலும் வைத்து நான் அவளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். மேடம் என்னை உள்ளே கூப்பிட்டு, "நீ கத்தினா அடுத்த தடவை மை வைக்காம வரமாட்டாங்க, துடைச்சிட்டு வருவாங்க. நமக்கு ஒண்ணும் தெரியாமப் போயிடும்" என்றார். அப்போது புரிந்த மாதிரிதான் தலையாட்டினேன்.

ஒரு வயது தாண்டியும் திறக்காத குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துக் கம்பி விடுவார்கள். முடியை விடச் சற்றே தடித்த, முனை மழுங்கிய எஃகுக் கம்பி. இமை ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதைக் கொஞ்சம் அகட்டி, அதன் வழியே கம்பியை விட்டு, எலும்பு தட்டுப்பட்டதும் நிமிர்த்திக் கீழே இறக்குவார் மேடம். சவ்வு விட்டுக்கொடுக்கிற இடத்தில் அவர் மூச்சை நிறுத்துவார், பக்கத்தில் நிற்கிற எனக்குத் தெரியும். அப்புறம் பச்சைச் சாயம் கலந்த நீரைத் துளை வழியே ஏற்றுவார். நான் மூக்கில் உறிஞ்சு குழாயைப் பிடித்திருப்பேன். குழாயில் பச்சை வந்தால் வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். வந்ததும் மேடம் என்னைப் பார்த்து ஒரு தடவை தலையசைப்பார், அவ்வளவுதான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் போய் "ஆச்சும்மா, வழி விட்டுடுச்சு" என்று சொல்கிற வேலை எனக்கு. அந்த வேலைக்காகவே நான் பிழைத்துக் கிடந்தேன் என்று சொல்லலாம்.

இப்படித்தான் எனக்குத் தலைக்கனம் ஏற ஆரம்பித்தது. ஹனூர், மார்டள்ளி, பாலாறு பக்கத்து ஜனங்கள் கேட்டிலேயே "தமிழ் சிஸ்டர் இருக்கறாங்களா?" என்று விசாரித்துக்கொண்டு வருவார்கள். சிலர் வேர்க்கடலை கொண்டு வருவார்கள், சிலர் அவரைக்காய். அந்தப் பெண்களுக்கு ஆஸ்பத்திரிக்குள் நான்தான் வாய், நான்தான் காது. அவர்கள் பேச ஆரம்பித்தால் பஸ் லேட்டானதிலிருந்து மலைக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டது வரை சொல்லித்தான் விஷயத்துக்கு வருவார்கள். புளியில் நாரும் கொட்டையும் எடுக்கிற மாதிரி நான் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு மேடத்திடம் ஒரே வரியில் சொல்லுவேன். கூட்டம் அதிகமாக ஆக, மேடத்துக்கும் அது வசதியாக இருந்தது. கேள்வி என்னமோ அதே மூன்றுதான். ஆனால் வர வர அவர் தாயைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார். நானும் தாயைக் கேட்காமலே பாதிப் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

கௌசல்யா வந்தது அந்த நாட்களில்தான். மார்டள்ளிப் பெண், இருபது இருபத்தொரு வயதிருக்கும். மூன்று மாதப் பெண் குழந்தை. புருஷன் மாதேஷ் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்ததால், விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்துத் தனியாகவே வந்திருந்தாள். என் வாயில் தமிழைக் கேட்டதும் "அப்பாடா, அக்கா நம்ம பக்கமுங்களா!" என்று முகம் மலர்ந்தது. குழந்தையை முந்தானைக்குள் மூடி வைத்திருந்தாள். நிழலிலேயே கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். நல்ல பெரிய கண்கள், கண்ணீர் நிறைந்து பளபளவென்று இருந்தன. "அடேயப்பா, இத்தனை பெரிய கண்ணா! ஊர்க் கண்ணெல்லாம் படுமே!" என்று நானே கொஞ்சினேன்.

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க" என்றாள், பெருமையாக.

அவள் முறை வந்தபோது மதியம் ஆகிவிட்டது. வரிசையில் இன்னும் பதினைந்து பேர். மேடம் ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டிய நேரம், ஆயா இரண்டு தடவை வந்து நினைவூட்டிவிட்டாள். எனக்குக் காலையிலிருந்து நின்று நின்று முழங்கால் கழன்றுவிடும் போல இருந்தது. மேடம் குழந்தையின் உள்மூலையை அழுத்திப் பார்த்தார், கொஞ்சம் பீளை வந்தது. டார்ச் அடித்தார். குழந்தை வீறிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. இமையைத் தூக்கி ஒரு நொடி பார்த்தார். முழி தெளிவாகத்தான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்து மூன்றாவது கேள்வியைக் கேட்டார். வெளிச்சத்தில் கண்ணை மூடுகிறதா?

கௌசல்யாவிடம் கேட்டேன். அவள் சொன்னது ஒரு எழுத்து விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ஆமாங்க அக்கா. வெளிச்சத்துல முழிக்கவே மாட்டேங்கறா. வாசலுக்குக் கொண்டு போனா மூஞ்சிய எம்மேல பொதைச்சுக்கறா. பொழுது எறங்குனாத்தான் கண்ணைத் தொறக்கறா. வெக்கப்படறா புள்ளைன்னு எங்க வீட்டுல சிரிக்கறாங்க."

நான் மேடம் பக்கம் திரும்பி, "அதெல்லா ஏனூ இல்லா மேடம், பரீ நீரு அஷ்டே" என்றேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னை நானே ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன். எந்தக் குழந்தைதான் டார்ச்சைப் பார்த்தால் கண்ணை மூடாது என்று நினைத்தேன். பீளை இருக்கிறது, நீர் வடிகிறது, நான் பார்க்காத அடைப்பா என்று நினைத்தேன். ஆமாம் என்று சொன்னால் மேடம் குழந்தைக்கு மயக்கம் கொடுத்துப் பரிசோதிக்க எழுதுவார், அதற்கு நாளை வரை காத்திருக்க வேண்டும், துணைக்கு ஆள் இல்லாமல் இந்தப் பெண் எங்கே தங்குவாள், மதிய பஸ்ஸை விட்டால் ஊர் போய்ச் சேர முடியாதே என்றும் நினைத்தேன். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் எண்ணம். அடைப்பு என்று சீட்டில் எழுதிவிட்டு, இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லி மேடம் தியேட்டருக்குப் போனார்.

கௌசல்யாவைப் பெஞ்சில் உட்கார வைத்து நீவக் கற்றுக்கொடுத்தேன். கெட்டிக்காரி, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். ஏதாவது சந்தேகம் என்றால் கூப்பிடு என்று என் நம்பரையும் கொடுத்தேன். அதுவும் வினையாகப் போயிற்று. இரண்டு மாதம் கழித்து அவள் வரவில்லை, போன் செய்தாள். "தண்ணி நிக்கவே இல்லைங்க அக்கா, வரட்டுங்களா?" என்றாள். "ஒரு வயசு வரைக்கும் அப்படித்தான் இருக்கும் கண்ணு. அதுக்காக நாலு மணி நேரம் பஸ்ஸுல அலையாதே, விடாம நீவிட்டு வா" என்றேன். மேடத்தைக் கேட்காமல் நானே சொன்னேன்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் கழித்து, மாதேஷும் அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முந்தானையை விலக்கினேன். இரண்டு கருமுழியும் பால் படிந்த கண்ணாடி மாதிரி வெளுத்திருந்தன. முன்பை விடப் பெரிதாகப் பிதுங்கியிருந்தன. மூக்கோரம் இரண்டு பக்கமும் தோல் கருத்துத் தடித்திருந்தது. நான் சொன்ன பத்து தடவையை, நாலு வேளையை, ஒரு வேளை தவறாமல் அவள் செய்திருக்கிறாள்.

பிறவியிலேயே வரும் கண் அழுத்த நோய் அது. கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி, பச்சைக் குழந்தையின் முழியை ஊதவைக்கும். கண் பெரிதாக, அழகாகத் தெரியும். நீர் வடியும், வெளிச்சம் கூசும். குழாய் அடைப்பிலும் நீர் வடியும், ஆனால் வெளிச்சம் கூசாது. மேடத்தின் மூன்றாவது கேள்வி அதைப் பிடிப்பதற்காகவே இருந்த கேள்வி. அத்தனை வருஷம் அந்தக் கேள்வியை என் வாயால் கேட்டிருக்கிறேன், எதற்குக் கேட்கிறோம் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாள் தியேட்டரில் மயக்கம் கொடுத்து, சின்ன எஃகு காம்பஸை வைத்துக் கருமுழியின் அகலத்தை அளந்தார் மேடம். அளந்ததை இரண்டு தடவை சரிபார்த்தார். கண்ணில் அழுத்தத்தைக் குறைக்க அன்றே ஆபரேஷன் செய்தார். முடிந்து கையுறையைக் கழற்றும்போது என்னைக் கேட்டார், கிசுகிசுப்பாக. "வெளிச்சத்துல கூசுதுன்னு அந்தம்மா அன்னிக்குச் சொல்லவே இல்லையா சிஸ்டர்?"

"இல்ல மேடம்" என்றேன்.

பயம்தான். வேறு என்ன சொல்வது? வேலை போகும், பெயர் போகும், தமிழ் சிஸ்டர் என்று தேடி வருகிறவர்கள் முகத்தில் துப்புவார்கள் என்று பயம். முதல் தடவை சொன்னது அசட்டையில் சொன்னது. இது தெரிந்தே சொன்ன பொய்.

மேடம் அதோடு விடவில்லை. வெளியே வந்து மாதேஷ், கௌசல்யா இருவர் முன்னாலும் நின்று, "ஏன் முன்னாடியே சொல்லலைன்னு கேளு சிஸ்டர். அன்னிக்குச் சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம்" என்று கன்னடத்தில் சொன்னார். நான் அதை மொழிபெயர்த்தேன். அன்றைக்கு மட்டும் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

கௌசல்யா என் முகத்தையே பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை. நான்தான் சீட்டைப் பார்த்தேன்.

"தோணலைங்க" என்றாள்.

மாதேஷ் அவள் பக்கம் திரும்பி, "தோணலையா? பெத்தவளுக்குத் தோணலையா?" என்றான். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் மூன்று ஆபரேஷன். வலது கண் போயே போயிற்று. இடது கண்ணில் முகத்துக்கு நேரே கை அசைந்தால் தெரிகிற அளவுக்கு மிச்சம். ஒவ்வொரு தடவையும் குழந்தையை அவள் மடியிலிருந்து வாங்கித் தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். ஒவ்வொரு தடவையும் "பாத்துக்குங்க அக்கா" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

மேடம் அந்த மாதத்திலிருந்து மாறிவிட்டார். நீர் வடியும் எந்தக் குழந்தை வந்தாலும் ஜன்னலை மூடி இருட்டாக்கி, பிறகு மெதுவாக வெளிச்சம் காட்டிப் பார்த்தார். 'வெளிச்சம்', 'கூசுதா' என்ற இரண்டு சொல்லையும் என்னிடம் கேட்காமல் வேறு யாரிடமோ கற்றுக்கொண்டு வந்தார். கையைக் கண்ணுக்கு மேல் மறைத்துக் காட்டி, தாயின் முகத்தைப் பார்த்துத் தானே கேட்டார். நான் பக்கத்தில் சும்மா நின்றேன். என் மேல் சந்தேகம் வந்ததா, தன் மேலேயே கோபமா, தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை. ஓய்வு பெற்ற நாலாம் வருஷம் மேடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் சொல்ல எனக்கு எத்தனையோ நாள் கிடைத்தது. சொல்லவில்லை.

நானும் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், ஆயிரம் குழந்தைகளுக்குக் கண் கொடுத்த தாய் என்று ஒருவர் பேசினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு மாதம் வீட்டில் புழுங்கிவிட்டு, ஒரு நாள் காலையில் கொள்ளேகால், ஹனூர் என்று பஸ் மாறி மார்டள்ளிக்குப் போனேன். கௌசல்யாவிடம் சொல்லிவிட்டு மதியம் இரண்டு மணி பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும் என்று கணக்கு.

வாசலில் தார்ப்பாயை விரித்து மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுதான், முன்மயிர் நரைத்திருந்தது. "வாங்க அக்கா" என்று எழுந்து நாற்காலி போட்டாள், மோர் கொடுத்தாள். பெண் ரக்ஷிதாவை மைசூரில் ஹாஸ்டலில் சேர்த்திருக்கிறார்களாம், நாலாவது படிக்கிறாளாம். "புள்ளி எழுத்தத் தடவிப் படிக்கறாளுங்க. கணக்குல கெட்டி. லீவுக்கு வந்தா, இந்த வீட்டுல எங்கெங்க எத்தன படின்னு எண்ணி வெச்சிருக்கறா" என்றாள். சொல்லிக்கொண்டே மறுபடியும் சோளத்தை எடுத்து உதிர்க்க உட்கார்ந்தாள்.

நான் சொன்னேன். நீ அன்றைக்கே சொன்னாய், நான்தான் டாக்டரிடம் சொல்லவில்லை, பிறகு கேட்டபோதும் பொய் சொன்னேன் என்று. பாதியிலேயே அழுகை வந்துவிட்டது எனக்கு. அவள் கை நிற்கவில்லை.

"தெரியுமுங்க அக்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எனக்குக் கன்னடம் தெரியுமுங்க. இங்க இஸ்கூல்ல ஏழாவது வரைக்கும் கன்னடத்துலதானுங்க படிச்சேன். பேசத்தான் கூச்சம், நாக்கு பொரளாது. கேட்டா எல்லாம் வெளங்கும். அன்னிக்கு அந்த டாக்டரம்மாகிட்ட நீங்க ஒண்ணுமில்ல, வெறும் தண்ணின்னு சொன்னதைக் கேட்டுட்டுத்தானுங்க நின்னேன்."

"அப்பவே ஏன் கண்ணு சொல்லல?"

"இத்தன வருசமாப் புள்ளைங்களப் பாக்கறவங்க. இவங்களே அதை விட்டுட்டாங்கன்னா அது பெருசில்லையாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க. மனசுக்கு நிம்மதியாக்கூட இருந்துச்சு" என்றாள். ஒரு கதிரை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"ரெண்டாந்தடவை? டாக்டரம்மா கேட்டாங்களே?"

"உங்களைக் காட்டிக் குடுத்துட்டு, அடுத்த ஆபரேசனுக்கு எம்புள்ளையை யாரு கையில குடுக்கறது? உள்ள தூக்கிட்டுப் போறது நீங்கதானுங்களே. அதான் வாய மூடிக்கிட்டேன்."

உதிர்ந்த சோளத்தைக் கையால் ஒதுக்கிக் குவித்தாள். பிறகு அவளே பேசினாள். "இவரு இன்னிக்கும் சொல்லிக் காட்டறாருங்க. பெத்தவ வாயத் தொறந்திருந்தா புள்ளைக்குக் கண்ணு இருந்திருக்கும்ங்கறாரு. நாஞ் சொன்னேன், சொன்னேன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். நீ சொல்லியிருந்தா அந்த சிஸ்டர் சொல்லாம இருப்பாங்களா, அவங்க எப்பேர்ப்பட்டவங்கன்னு கேக்கறாரு."

"என்னை மன்னிச்சிடு கௌசல்யா" என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்னங்க ஆவுது? எனக்குத்தான் தெரியுமே" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "அவரு தோட்டத்துக்குப் போயிருக்கறாரு. வர்ற வரைக்கும் இருங்க."

என் கை தானாகப் பையைத் தொட்டது. பஸ் நேரம் நெருங்கிவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். நான் பையைக் கீழே வைத்தேன்.

இரண்டு மணி பஸ் போகிற சத்தம் கேட்டது. வெகு நேரம் கழித்து டிராக்டர் வந்து நின்றது. மாதேஷ் இறங்கி வந்தான். என்னை அடையாளம் தெரிந்ததும் "அடடா, சிஸ்டரா! எப்ப வந்தீங்க? சாப்டீங்களா?" என்று தலைத்துண்டை அவிழ்த்து வணங்கினான். அந்த மரியாதையைப் பார்க்க முடியவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். வெளிச்சம் கூசுகிறது என்று உன் பெண்டாட்டி முதல் நாளே சொன்னாள், வாசலுக்குக் கொண்டு போனால் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள் என்று சொன்னாள், நான் அதை டாக்டரிடம் சொல்லவில்லை, அப்புறம் பொய்யும் சொன்னேன், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன்.

அவன் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றான். "இவ சொன்னாளா? அன்னிக்கே சொன்னாளா?" என்றான்.

"சொன்னா."

அவன் கௌசல்யாவைப் பார்க்கவில்லை. வாசல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் தார்ப்பாயிலிருந்து எழுந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவன் எதிரே வந்து நின்றாள்.

"இன்னொருக்கா சொல்லுங்க அக்கா" என்றாள். "அவரு காதுல நல்லா விழட்டும்."

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.